தீர்க்க இயலாதபோதும் தேற்ற இயலும்

(கழகத்தின் வெள்ளி விழாவில், இளைஞர் அரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு கூரைக் கொட்டகையில், இரவல் வாங்கிய கரும்பலகையோடு மாலை வகுப்பாகத் தொடங்கிய நம் கழகம், இன்று வெள்ளி விழாக் காண்கிறது. நம் பிள்ளைகள் ஆசிரியர்களாக, செவிலியர்களாக, அலுவலர்களாக இந்த அரங்கில் அமர்ந்திருப்பதைக் காண நெஞ்சு நிறைகிறது. இத்தகைய நாளில், தீராத நோயாளரையும் அவர்தம் குடும்பத்தாரையும் பற்றிப் பேச நான் வந்திருக்கிறேன். என் தலைப்பைக் கேட்ட விழாக் குழுத் தம்பிகளுள் ஒருவர், "ஐயா, மங்கலமான நாளாயிற்றே, வேறு தலைப்பு எடுத்துக்கொள்ளக் கூடாதா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர் தயக்கத்தில் தவறொன்றும் இல்லை. ஆயினும் சாவைப் பற்றிப் பேசுவதற்கு நம்மைக் காட்டிலும் உரிமையுடையோர் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஊரில் எவர் இறந்தாலும் சேதி சொல்லப் போனவர்கள் நம் பாட்டன்மார்கள். பறையடித்தவர்கள் அவர்கள். குழி வெட்டியவர்கள் அவர்கள். சிதையருகே இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் அவர்கள். விரும்பி மேற்கொண்ட தொழில்கள் அல்ல இவை. பிறப்பின் பேரால் சுமத்தப்பட்டவை. ஊராரின் சாவைச் சுமந்த நாம், நம் வீட்டுச் சாவை எப்படி எதிர்கொள்கிறோம்? இதுதான் இன்று உங்கள்முன் நான் வைக்கும் வினா.

என் தந்தையாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எங்கள் ஊரிலும் சுற்றுப்புறத்து எட்டு ஊர்களிலும் பறையடித்தவர். 1987-ஆம் ஆண்டு, நான் பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய கன்னத்தின் உட்புறத்தில் ஒரு புண் தோன்றியது. வெற்றிலையும் புகையிலையும் விடாமல் போட்டவர். சூட்டுப் புண் என்று ஆறு மாதம் கழிந்தது. பிறகு ஒரு பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். வராந்தாவில் மூன்று நாள் காத்திருந்தோம். நான்காம் நாள் ஒருவர் வந்து சீட்டை என் தாயாரிடம் கொடுத்து, "இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள்" என்று கூறிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

நாங்கள் அழைத்து வந்தோம். அதன்பின் மூன்று மாதம் அவர் உயிரோடிருந்தார். அந்த மூன்று மாதங்களை நான் இன்றளவும் மறக்கவில்லை. இரவு முழுவதும் அவர் முனகுவார். விடியற்காலையில் அது அலறலாக மாறும். தலைவலிக்குத் தரும் மாத்திரையைத் தவிர எங்களிடம் வேறெதுவும் இல்லை. புண் கன்னத்தைத் துளைத்து வெளியே வந்தது. நாற்றம் தாங்காமல், வீட்டின் பின்புறம் மாடு கட்டும் சாய்ப்பில் அவருக்குப் படுக்கை போட்டோம். ஒரு நாட்டு வைத்தியர் நாற்பது நாளில் குணமாக்குவதாகச் சொன்னார். கறவை மாடும், எங்களுக்கென்று இருந்த நாற்பது சென்ட் நிலமும் போயின. நான் என்ன செய்தேன் தெரியுமா? மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய்க் கஞ்சியை வைத்துவிட்டு, ஓடி வந்துவிடுவேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பார். நான் நிற்க மாட்டேன். ஊரார் சாவுக்கெல்லாம் முறை தவறாமல் நின்றவர், தம் சாவுக்குத் தனியே கிடந்தார்.

இளைஞர்களே, என்னைப் பெற்றவரிடம் எனக்கு அன்பில்லாமல் இல்லை. எனக்கு அறிவில்லாமல் இருந்தது. "செய்வதற்கு ஒன்றுமில்லை" என்ற சொல்லை நாங்கள் நம்பினோம். அந்தச் சொல் பொய் என்பதை அறிந்துகொள்ள எனக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. நோயைத் தீர்க்க இயலாத நிலையிலும், செய்வதற்கு நூறு காரியங்கள் உள்ளன. அந்த நூறு காரியங்களை முறையாகச் செய்வதற்குத்தான் நோய் ஆதரவு சிகிச்சை என்று பெயர். ஆங்கிலத்தில் பேலியேட்டிவ் கேர் என்பார்கள். அச்சிகிச்சையை வாழ்வின் இறுதிக் காலத்தில் தங்கவைத்து அளிக்கும் இல்லத்திற்கு ஹாஸ்பிஸ் என்று பெயர்.

ஹாஸ்பிஸ் என்பது பழங்காலத்தில் ஐரோப்பாவில் வழிநடைப் பயணிகளும் நோயாளிகளும் தங்கி இளைப்பாறிய இடத்தின் பெயர். நம் மொழியில் சத்திரம் என்று சொல்லலாம். திருவண்ணாமலையில் வாழும் நமக்குச் சத்திரங்களைப் பற்றி எவரும் விளக்க வேண்டியதில்லை. திண்ணையில்கூட நம் முன்னோரை உட்காரவிடாத சத்திரங்கள் தமிழகத்தில் ஏராளமாய் இருந்தன. பொதுச் சாலையும் பொதுக் கிணறும் பொது இடங்களும் எல்லா வகுப்பாருக்கும் உரியவை என்று 1924-ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஆகவே, இறுதிப் பயணத்தில் இளைப்பாறும் சத்திரம் ஒன்று உண்டு என்றால், அதன் கதவு நமக்கும் திறந்திருக்கிறதா என்று கேட்பது நம் கடமையாகும்.

இக்காலத்து ஹாஸ்பிஸ் இயக்கத்திற்கு வித்திட்டவர் சிசிலி சாண்டர்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி. முதலில் செவிலியராகவும், பிறகு மருத்துவமனையில் ஏழை நோயாளிகளின் குறைகளைக் கேட்டறியும் சமூகப் பணியாளராகவும் இருந்தவர். 1948-இல் இலண்டன் மருத்துவமனை ஒன்றில், டேவிட் டாஸ்மா என்ற போலந்து நாட்டு யூத அகதி புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார். நாற்பது வயது, உணவு விடுதிப் பணியாள், உற்றார் எவருமில்லை. சிசிலி அவர் அருகே அமர்ந்து பேசுவார். சாகும் மனிதருக்கு எத்தகைய இடம் வேண்டும் என்பதைப் பற்றியே இருவரும் பேசினர். டாஸ்மா தம்மிடமிருந்த 500 பவுனை, எதிர்காலத்தில் எழப்போகும் அந்த இல்லத்தில் ஒரு சன்னலுக்காக என்று விட்டுச் சென்றார். மருத்துவர்களே செவிசாய்த்தால்தான் காரியம் நடக்கும் என்று உணர்ந்த சிசிலி, தாமும் மருத்துவம் பயின்று 1957-இல் மருத்துவரானார். 1967-இல் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் திறந்தார். ஒரு சன்னலைச் சுற்றி வீடு கட்ட அவருக்குப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின.

அவர் கண்டறிந்த உண்மை ஒன்றை நீங்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். சாகும் மனிதரின் வலி ஒன்றல்ல, நான்கு. உடலின் வலி ஒன்று. அச்சமும் துயருமாகிய மனத்தின் வலி ஒன்று. 'என் மகளை யார் கரையேற்றுவார், வாங்கிய கடனை யார் அடைப்பார்' என்னும் குடும்ப வலி ஒன்று. 'எனக்கு ஏன் இது வந்தது, நான் வாழ்ந்ததற்கு என்ன பொருள்' என்னும் உள்ளுயிரின் வலி ஒன்று. இந்நான்கையும் சேர்த்து முழு வலி என்று அவர் பெயரிட்டார். என் தந்தையாருக்கு இந்நான்கும் இருந்தன. முதல் வலிக்கும் மருந்து தரவில்லை. மற்ற மூன்றும் இருக்கின்றன என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

இஃது ஏதோ மேல்நாட்டுப் புதுமை என்று எண்ணிவிட வேண்டாம். பௌத்த விநய நூலில் ஒரு நிகழ்ச்சி கூறப்பட்டுள்ளது. வயிற்றுக் கடுப்பால் தன் கழிவிலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் புத்தர் காண்கிறார். ஏனைய பிக்குகள் அவரைக் கவனிக்கவில்லை. புத்தரே நீர் ஊற்ற, ஆனந்தர் உடலைக் கழுவ, இருவருமாகத் தூக்கிப் படுக்கையில் கிடத்துகின்றனர். தமக்குத் தொண்டு செய்ய விரும்புவோர் நோயுற்றோருக்குத் தொண்டு செய்யட்டும் என்பது அன்று அவர் அளித்த அறிவுரையின் கருத்து. நம் பண்டிதர் அயோத்திதாசர் 1898-இல் பௌத்தத்தின் பக்கம் நம்மைத் திருப்பியவர். அவர் தொழிலால் ஒரு சித்த மருத்துவர் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும்போது, மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, நான்காவதாக, அருகிலிருந்து கவனிப்பவர். அந்த நான்காமவருக்கு உழைச்செல்வான் என்று பெயர் தருகிறார். முதல் மூவரைப் பற்றி நாம் ஓயாமல் பேசுகிறோம். நான்காமவரை மறந்தோம்.

நம் ஊரிலேயே, உலகறிந்த சான்று ஒன்றுண்டு. இரமண மகரிஷியின் தத்துவத்தைப் பற்றிப் பேச நான் வரவில்லை. அவருடைய இறுதி ஆண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1949-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவருடைய இடது முழங்கையருகே இருந்த சிறு கட்டி அகற்றப்பட்டது. அது மீண்டும் வளர்ந்தது. சதைப் புற்று என்று கண்டனர். அந்த ஓராண்டில் நான்கு முறை அறுவை செய்தனர். கையையே எடுத்துவிடலாம் என்று மருத்துவர்கள் கூறியபோது, அவர் வேண்டாமென மறுத்தார். அந்த மறுப்பை அவர்கள் ஏற்றனர். பார்க்க வந்தோரைத் தடுக்க வேண்டாம் என்பதே அவர் விருப்பமாயிருந்தது. 1950 ஏப்ரல் 14 அன்று இரவு உயிர் பிரியும் நாள்வரையில் அது நடந்தேறியது. அதற்கு முன்பு, 1922 மே 19 அன்று அவருடைய தாயார் அழகம்மாள் இறந்தபோது, மகன் நாள் முழுவதும் அருகே அமர்ந்து, ஒரு கையைத் தாயின் தலைமீதும் மற்றொரு கையை நெஞ்சின்மீதும் வைத்திருந்தார் என்று எழுதியுள்ளனர். நோயாளியின் விருப்பத்தை மதித்தல், தனிமையில் விடாதிருத்தல், தொட்டுக்கொண்டு அருகிருத்தல் என்ற மூன்றும் இதில் அடங்கியுள்ளன. ஒரு மகானுக்குக் கிடைத்த இம்மூன்றும் ஒரு கூலித் தொழிலாளிக்கும் கிடைக்க வேண்டும் என்பதே என் வழக்கு.

இனி, உடல் வலியைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். புற்றுநோய் என்றால் வலித்துத்தான் தீரும் என்பது நம் மக்களின் எண்ணம். அது தவறு. உலக சுகாதார நிறுவனம் 1986-ஆம் ஆண்டிலேயே வலி தணிப்பதற்கு ஒரு படிமுறையை வெளியிட்டது. இலேசான வலிக்குப் பாராசிட்டமால் போன்ற மருந்து. அதற்கடங்காத வலிக்கு அடுத்த படி. கடும் வலிக்கு மார்பின். வாய்வழியே, மணி தவறாமல், வலியின் அளவுக்கேற்பத் தர வேண்டும் என்பது அதன் விதி. வலி வந்தபின் கொடுப்பதன்று, வருமுன் கொடுப்பது. சாதாரண மார்பின் மாத்திரையாயின் நான்கு மணிக்கு ஒரு முறை. மலச்சிக்கல் உண்டாகும் என்பதால் அதற்குரிய மருந்தும் கூடவே தரப்படும்.

மார்பின் என்றவுடன் "அது போதை மருந்தாயிற்றே" என்று அஞ்சுவோர் உளர். மருத்துவர் கூறிய அளவில் வலிக்காக உட்கொள்பவர் போதைக்கு அடிமையாவது அரிது. முறையாகக் கொடுத்த மார்பின் ஆயுளைக் குறைப்பதுமில்லை. அபினிலிருந்து எடுக்கப்படும் மருந்து இது. மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசின் அனுமதியோடு அபின் பயிராகிறது. நம் நாடு அதை ஏற்றுமதியும் செய்கிறது. ஆனால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் விதித்த கடுமையால், ஒரு மருத்துவமனை மார்பின் வைத்திருக்கப் பல உரிமங்கள் பெற வேண்டியதாயிற்று. பல மருத்துவமனைகள் அதை வாங்குவதையே விட்டுவிட்டன. உலகின் வலியைத் தணிக்க அபின் விளைவித்த நாட்டில், என் தந்தையார் 1987-இல் தலைவலி மாத்திரையோடு மாண்டார். 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, ஒரே அனுமதியோடு மருத்துவமனைகள் அதை வைத்திருக்க வழி பிறந்தது. எனினும் சட்டம் திருந்திய அளவுக்கு நடைமுறை திருந்தவில்லை. உலகில் ஆண்டுதோறும் 5 கோடியே 68 இலட்சம் மக்களுக்கு இச்சிகிச்சை தேவைப்படுகிறது என்றும், அவர்களுள் நூற்றுக்கு 14 பேருக்கே அது கிடைக்கிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. மீதி 86 பேர் யார் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நம் நாட்டில் முதல் ஹாஸ்பிஸ் 1986-இல் மும்பையில் சாந்தி அவேத்னா ஆசிரமம் என்ற பெயரில் தொடங்கியது. சென்னையை அடுத்த மாத்தூரில் ஜீவோதயா என்னும் இல்லம் இறுதிநிலைப் புற்றுநோயாளரை இலவசமாக ஏற்றுப் பேணுகிறது. ஆனால் இல்லங்கள் எத்தனை கட்ட இயலும்? இவ்வினாவுக்கு விடை தந்தது நம் அண்டை மாநிலமாகிய கேரளம். 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் இராஜகோபால், மருத்துவர் சுரேஷ்குமார் ஆகியோர் நண்பர்களோடு ஒரு சிறு வெளிநோயாளர் பிரிவாக இதைத் தொடங்கினர். நோயாளி படுக்கையைவிட்டு எழ முடியாத நிலையில் மருத்துவமனைக்கு எப்படி வருவார் என்ற கேள்வி எழுந்தது. ஆகவே சிகிச்சையே வீட்டுக்குப் போகட்டும் என்று தீர்மானித்தனர். வீட்டுக்குப் போவது யார்? அங்குதான் அவர்கள் மக்களை நம்பினர். ஆசிரியர், மாணவர், கடைக்காரர், ஓட்டுநர், இல்லத்தரசியர் என்று சாதாரண மக்களுக்கு முறையாகப் பயிற்சி அளித்து, தத்தம் தெருவிலுள்ள நோயாளியை அவர்களே சென்று பார்க்கும்படி செய்தனர். சிறு சிறு நன்கொடைகளால் அவ்வூர்களின் செலவு நடந்தது. 2008-இல் கேரள அரசு இதற்கென ஒரு கொள்கையையே வகுத்தது. ஊராட்சிகள் செவிலியரை அமர்த்தின. பெரும் பணக்காரர்களோ வெளிநாட்டாரோ செய்த காரியமன்று இது. நம்மைப் போன்றோர் செய்த காரியம்.

நம் மாநிலத்தில், 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை நீங்கள் அறிவீர்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை கொண்டுவரும் திட்டம் என்றே நம் தெருக்களில் அதற்குப் பெயர். ஆனால் படுக்கையில் கிடப்போரை வீட்டில் வந்து பார்க்கும் நோய் ஆதரவுச் செவிலியரும், இயன்முறை மருத்துவரும் அத்திட்டத்தில் உண்டு என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கும் என் அக்காவுக்கு நோய் வந்தபோதுதான் தெரிந்தது.

என் அக்காவுக்குக் கருப்பை வாயில் புற்று. கதிர்வீச்சு சிகிச்சை முடிந்து ஓராண்டு நலமாயிருந்தார். 2022-இல் நோய் திரும்பியது. இம்முறை மருத்துவர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். "நோயை இனிக் குணப்படுத்த முடியாது. ஆனால் அம்மாவுக்கு வலியில்லாமல் பார்த்துக்கொள்ள முடியும். அதைச் செய்வோம்" என்றார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் என் தாயார் கேட்டிருக்க வேண்டிய சொல் அது.

அதன்பின் அக்கா ஐந்து மாதம் இருந்தார். மார்பின் மாத்திரை மணிப்படி கொடுத்தோம். சுவரில் ஒரு தாளை ஒட்டி, கொடுத்த நேரத்தைப் பேத்தி குறித்துவைத்தாள். மூன்றாம் நாள் இரவு அக்கா ஆழ்ந்து உறங்கினார், வீடே உறங்கியது. செவிலியர் வந்து கற்றுக்கொடுத்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். படுக்கையிலேயே இருப்பவரை இரண்டு மணிக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். இல்லையேல் முதுகில் படுக்கைப்புண் வரும். உப்பிட்டுக் காய்ச்சி ஆறவைத்த நீரால் புண்ணைக் கழுவலாம். துர்நாற்றத்திற்கு மெட்ரோனிடசோல் என்னும் மலிவான மாத்திரை உண்டு; மருத்துவர் சொற்படி அதைப் பொடித்துப் புண்ணில் தூவினால் நாற்றம் அடங்கும். இதைக் கேட்டபோது நான் வெளியே எழுந்துபோய்விட்டேன். என் தந்தையாரை மாட்டுச் சாய்ப்புக்குத் துரத்திய அந்த நாற்றத்துக்கு மாற்று, சில ரூபாய் மாத்திரை! வாய் உலர்ந்தால் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். இறுதி நாட்களில் பசி இராது. அன்பின் மிகுதியால் வாயில் திணிக்கக் கூடாது. உண்ணாததால் சாவதில்லை; சாவு நெருங்குவதால் உண்ண முடிவதில்லை.

உண்மையைச் சொல்வதா, மறைப்பதா என்ற கேள்வி எங்கள் வீட்டிலும் எழுந்தது. பிள்ளைகள், "அத்தைக்குத் தெரிய வேண்டாம்" என்றனர். எல்லோரும் சிரித்த முகத்தோடு உள்ளே போய், திண்ணையில் வந்து அழுதோம். ஒரு நாள் மாலை அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "இன்னாடா தம்பி, எல்லாரும் என்னாண்ட நாடகம் ஆடறீங்களே. நான் பொழைக்க மாட்டேன்தானே?" படித்தவன், தலைமையாசிரியன், நாவெழாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு, "உனக்கு என்னக்கா தோணுது?" என்று மட்டும் கேட்டேன். அவர் பேசத் தொடங்கினார். மகளிர் குழுவில் தாம் அடைக்க வேண்டிய தவணையைச் சொன்னார். பேத்தியைப் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தக் கூடாதென்றார். பத்தாண்டாகப் பேசாதிருந்த ஓரகத்தியை அழைத்துவரச் சொன்னார். அந்த அம்மாள் வந்து நாள் முழுதும் உடனிருந்தார். நாங்கள் உண்மையை மறைத்திருந்தால், இவற்றுள் எதுவும் நடந்திராது. நோயாளிக்கு எவ்வளவு தெரிய விருப்பமோ அவ்வளவைக் கனிவோடு சொல்ல வேண்டும். திணிக்கவும் வேண்டாம், பூட்டவும் வேண்டாம். அக்கா தம் வீட்டில், தம் கட்டிலில், பேத்தியின் கை தம் கையில் இருக்க இறந்தார். அழுதோம், ஆனால் தலைகுனியவில்லை.

கவனிப்பவரையும் கவனிக்க வேண்டும் என்பதை இங்கே கூறியாக வேண்டும். நம் குடும்பங்களில் அந்தச் சுமை முழுவதும் மகளின்மீதோ மருமகளின்மீதோ விழுகிறது. அவள் கூலிக்குப் போக முடியாது. வீட்டில் உலை ஏறாது. "பாவம், புண்ணியவதி" என்று புகழ்ந்துவிட்டுப் போவதால் அவளுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. வாரத்தில் இரண்டு நாள், இரண்டு மணி நேரம் நாம் போய் உட்கார்ந்தால் அவள் குளிப்பாள், உறங்குவாள். இறப்புக்குப் பிறகும் ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும். கருமாதி முடிந்த மறுநாள் அந்த வீட்டில் சூழும் தனிமை மிகக் கொடியது.

சாதியைப் பற்றியும் ஒரு சொல். வீடு தேடி வரும் சேவையில், வாசற்படிதான் தேர்வுக் கூடம். ஊர்த்தெருவுக்கு வரும் செவிலியர் காலனிக்குள்ளும் வருகிறாரா, வந்தவர் திண்ணையோடு திரும்பாமல் உள்ளே வந்து தொட்டுப் பார்க்கிறாரா என்று நாம் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்தவர் உள்ளே வந்தார். அக்காவின் காலைத் தம் மடிமீது வைத்துக் கட்டுப் போட்டார். என் மருமகள் கொடுத்த தேநீரைக் குடித்தார். வராத இடங்களில் கேட்டுப் பெற வேண்டும். இது கருணைப் பிச்சையன்று. அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரையப்பட்ட அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு உயிர்வாழும் உரிமையைத் தருகிறது. மாண்போடு இறப்பதும் அவ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று தீர்ப்பளித்தது. அதே சமயம், ஊர்த்தெருவில் ஒருவர் படுக்கையில் கிடந்தால், நம் பிள்ளைகளும் அங்கே போக வேண்டும் என்று நான் சொல்வேன். நம் பாட்டன்மார்கள் அங்கே போனது பிணத்தைத் தூக்க, கட்டாயத்தால். நீங்கள் போவது உயிருள்ள மனிதரைத் தூக்கி உட்காரவைக்க, உங்கள் விருப்பத்தால், படித்தவராக. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு.

இளைஞர்களே! தேர்ச்சி பெற மாட்டான் என்று தெரிந்த மாணவனை வகுப்பைவிட்டு வெளியே அனுப்புகிறவன் ஆசிரியன் அல்லன். இறுதி நாள்வரை அவனுக்கும் பெஞ்சில் இடமுண்டு, அவன் கேள்விக்கும் விடையுண்டு. நோயாளியின் காரியமும் அதுவே.

நம் கழகத்திற்கு மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன். முதலாவது, பத்து இளைஞர்களும் பத்து இளம்பெண்களும் கொண்ட உடனிருப்போர் குழு ஒன்றை அமையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகி அவர்களுக்குப் பயிற்சி பெற்றுத் தாருங்கள். இரண்டாவது, நம் தெருக்களில் படுக்கையிலிருப்போர் யார் யார் என்று ஒரு பட்டியல் எடுங்கள். புற்றுநோயாளர் மட்டுமல்லர், பக்கவாதத்தால் விழுந்தோர், சிறுநீரகம் செயலிழந்தோர், முதுமையால் தளர்ந்தோர் அனைவரும் அதில் வரட்டும். மூன்றாவது, கழகக் கட்டடத்தின் ஓர் அலமாரியை இதற்காக ஒதுக்குங்கள். ஒரு நீர்ப்படுக்கை, ஒரு சக்கர நாற்காலி, ஒரு கழிப்பறை நாற்காலி இருந்தால் போதும். ஒரு வீட்டில் தேவை முடிந்ததும் அடுத்த வீட்டுக்குப் போகும். நீர்ப்படுக்கைக்கான தொகையை, என் தந்தையார் நினைவாக, இன்று செயலாளரிடம் ஒப்படைக்கிறேன்.

அவர் அன்று சாய்ப்பில் என்ன சொல்ல வாயெடுத்தார் என்பது எனக்கு என்றும் தெரியப்போவதில்லை. உங்கள் வீட்டிலும் உங்கள் தெருவிலும் அப்படி ஒருவர் வாயெடுக்கும்போது, நீங்கள் நின்று கேளுங்கள்.